தாய்ப்பதிவு

அறச்செம்மல் அனல்வேந்தன் மேடையேறிவிட்டால் அவரை இறக்க இயற்கையால் மட்டுமே முடியும் என்பது கூட்டம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லில் மழை இறக்கியது. தென்காசியில் தேனீக்கள் இறக்கின. துண்டுச்சீட்டு கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒலிபெருக்கியில் உரக்க வாசித்து, "நேரமாகிவிட்டதாம்! அறத்துக்கு ஏதய்யா நேரம்?" என்று அதையே பிடித்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் போவார். "இறுதியாக ஒன்றே ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்" என்று அவர் சொன்னால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். வடை சூடாக வரும் என்றால் அதற்கும் காத்திருக்கலாம்.

அப்பேர்ப்பட்டவர், 2043ஆம் வருஷத்துத் தை மாத மத்தியானம் ஒன்றில், கடலூரை நோக்கித் தானே ஓடிக்கொண்டிருந்த வாடகைக் காரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வைஜெயந்தி. கையில் அவருடைய போன்.

"இன்னொரு தடவை வாசி," என்றார் கடைசியில்.

வைஜெயந்தி வாசித்தாள். "முச்சந்தி தளத்திலிருந்து இறுதி அறிவிப்பு. தங்கள் கணக்கிலுள்ள பதிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, பிரிசில்லா என்பவருடைய ஒரே ஒரு தாய்ப்பதிவின் வழித்தோன்றல்கள் ஆகும். அவர் தம் கணக்கை நிரந்தரமாக நீக்க விண்ணப்பித்துள்ளார். இன்று மாலை ஆறு மணிக்குள் அவர் உறுதிசெய்தால் தாய்ப்பதிவும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் வேரறுப்புச் சட்டப்படி நீக்கப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

"நன்றியாம்," என்றார் அனல்வேந்தன். "மீதி நான்கு விழுக்காடு என்ன?"

"காலை வணக்கம். பூப் படத்தோட. அப்புறம் மிக்ஸி ஜாடி விரிசல் விட்டதுக்குக் கம்பெனிக்காரனைத் திட்டினது."

கார் ஒரு மாட்டுக்காக நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடி கிளம்பியது.

அவருக்கு நம்ப முடியவில்லை. பதினாறு வருஷ அறச்சீற்றம். எத்தனை மேடை, எத்தனை விவாதம், 'இட்லியும் அறமும்', 'இட்லிக்குப் பின்' என்று எத்தனை நூல்கள்! எல்லாமா ஒருத்தியின் வேரில் தொங்குகிறது?

ஆனால் உண்மை அதுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் அனல்வேந்தன் இல்லை; டைல்ஸ் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த குப்புராஜ். கடலூரில் பெருவெள்ளம். நிவாரண முகாமில் கொடுத்த இட்லியைப் படம் எடுத்துப் போட்டு, இதை வைத்து ஆற்றுக்குக் கரை கட்டியிருக்கலாம் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் கேலியாக எழுதியது அவர் கண்ணில் பட்டது. குப்புராஜ் கொதித்தார். ஒரே வரி பதில் போட்டார்: "பசித்தவனுக்குக் கல்லும் இட்லி, கொழுத்தவளுக்கு இட்லியும் கல்." தமிழ்நாட்டில் கோபத்துக்குப் பஞ்சமே கிடையாது, அதை ஒரு வரியில் சொல்லிக் கொடுக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். விடிவதற்குள் அந்த வரி சட்டை ஏறிவிட்டது, ஆட்டோ ஏறிவிட்டது. குப்புராஜ் அனல்வேந்தன் ஆனார். டீச்சர் என்ன ஆனார் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அந்த வரி பத்தாம் வகுப்பில் பாடம். அடுத்த வாரம் ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுக்கிறது.

"என் பதிவை அவள் எப்படி அழிக்க முடியும்? நீதி என்று ஒன்று இல்லையா?"

"அதுக்குப் பேருதான் வேரறுப்புச் சட்டம். முன்னெல்லாம் கணக்கை அழிச்சாலும் ஊரெல்லாம் நகல் சுத்திட்டே இருக்கும். இப்ப ஒவ்வொரு பதிவுக்கும் பொறக்கும்போதே ஒரு மச்சம். பழசுக்கெல்லாம் தேடிப்பிடிச்சுக் குத்திட்டாங்க. அதுக்குப் பதில் போட்டாலும், பகிர்ந்தாலும், அதைப் பத்திப் புத்தகமே போட்டாலும் அதே மச்சம் ஒட்டிக்கும். தாயை எடுத்தா குட்டியெல்லாம் போச்சு. போன், கம்ப்யூட்டர், பள்ளிக்கூடப் பலகை எல்லாத்துலயும்."

"மறுபடி தட்டச்சு செய்து போட்டால்?"

"தாயில்லாப் பிள்ளையை எந்த மெஷினும் வாங்காது."

"எனக்கே வகுப்பெடுக்கிறாயா? இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஏழு மாவட்டங்களில் பேசியவன் நான்!"

"பேசினீங்க. படிச்சீங்களா?"

அனல்வேந்தன் ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்தார். சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. ஆறு மணிக்குள் அவள் உறுதிசெய்யாவிட்டால் விண்ணப்பம் காலாவதி. ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு விண்ணப்பம்தான். ஆக, அவளைச் சம்மதிக்கவைக்க வேண்டியதுகூட இல்லை. ஆறு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தால் போதும்.

"பேசுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?" என்றார் பெருமிதமாக.

"அது சரிதான்," என்றாள் வைஜெயந்தி.

*

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி ஓர் ஐஸ் பாக்டரி. படகுகளுக்கு ஐஸ் போகிற இடம். அதன் கண்ணாடி அறைக்குள் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பிரிசில்லா. நாற்பது வயசு இருக்கும். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்; அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. பிறகுதான், அவள் எழுந்தது பின்னால் இருந்த ஜன்னலைச் சாத்த என்று தெரிந்தது.

"உக்காருங்க சார். அக்கா, நீங்களும். நீங்க வருவீங்கன்னு முப்பது நாளா பார்த்துட்டிருக்கேன்."

"எனக்கு இன்று காலைதானே தெரியவந்தது."

"தினம் ஒரு நோட்டீஸ் வந்திருக்குமே?"

"வந்துது," என்றாள் வைஜெயந்தி. "பாராட்டுக் கடிதாசி தவிர இவர் வேற எதையும் பிரிக்கிறதில்ல."

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்துச் சில நிமிடம். அனல்வேந்தன் சால்வையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"அன்புச் சகோதரி! கடல் தாலாட்டும் இந்தக் கடலூர் மண்ணிலே..."

வெளியே ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடத் தொடங்கியது. மலையை மெல்லுகிற மாதிரி சத்தம். அவர் குரலை உயர்த்தினார். மெஷினும் உயர்த்தியது. ஆயிரக்கணக்கானோரை அடக்கியவர் ஒரு மெஷினிடம் தோற்று, அது நிற்கும்வரை வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அது நின்றதும் விட்ட இடத்தில் பிடித்தார். ஒரு படகுக்காரர் எட்டிப் பார்த்து, "எக்கா, நமக்கு இன்னும் முப்பது பார் ஐஸ் போடச் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். மெஷின் மறுபடி ஓடியது.

இப்படி விட்டு விட்டுப் பேசினாலும் நேரம் நகரும் என்பதில் அவருக்குத் திருப்திதான். சங்கடம் வேறு இடத்திலிருந்து வந்தது. பேச விஷயம் இல்லை. கடலைப் பற்றி ஆரம்பித்தார். கடல் புயலாகி, புயல் வெள்ளமாகி, வெள்ளம் முகாமுக்கு வந்து, முகாமில் இட்லி. சட்டென்று நிறுத்தினார். பெண் கல்வியைப் பற்றி ஆரம்பித்தார். கல்வி ஆசிரியைக்குப் போய், ஆசிரியையிடமிருந்து இட்லிக்கு வந்தது. ஐஸைப் பற்றிக்கூட முயன்றார். "பனிக்கட்டியும் ஒரு வகையில் கல்தான்..." என்று சொல்லி அப்படியே விழுங்கினார். பதினாறு வருஷமாகத் தான் நடந்த பாதைகள் எல்லாம் ஒரே சமையலறைக்குப் போகிறவை என்பது அந்தக் குளிரில் அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

"சார்," என்றாள் பிரிசில்லா. "நீங்க என் பதிவை முழுசா படிச்சிருக்கீங்களா?"

"ஆழ்ந்து வாசித்திருக்கிறேன்."

"அஞ்சு வரி சார் அது. ஆழ்றதுக்கு இடமே கிடையாது." அவள் போனை எடுத்தாள். "படம் போட்டு எழுதியிருந்தேன். நானே வாசிக்கிறேன். 'நிவாரண இட்லி வந்துவிட்டது. இதில் நாலு மூட்டை முன்னாடியே கொடுத்திருந்தால் கெடிலம் ஆற்றுக்குக் கரை கட்டியிருக்கலாம். அம்மாவின் பல் செட் வெள்ளத்தோடு போய்விட்டது. ஆனாலும் மூன்று தின்றுவிட்டு நாலாவது கேட்கிறாள். கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.'"

அவருக்குத் தெரிந்தது முதல் இரண்டு வரிதான்.

"நான் அந்த முகாம்லதான் இருந்தேன் சார். எங்க வீட்டுல கழுத்து வரைக்கும் தண்ணி. நானும் ரெண்டு நாள் பட்டினி. பசியில இருக்கிறவங்க சிரிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கண் போனின் மேல் ஓரத்தில் போய் நின்றது. நாலு ஐம்பது. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அவள் போனைத் திருப்பிக்கொண்டாள்.

"வேலை போச்சு. 'பிள்ளைங்களுக்கு முன்னுதாரணமா இருக்கணும்மா'ன்னு தாளாளர் சொன்னார். வேற எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் என் பேரைத் தட்டினா முதல்ல உங்க வரிதான் வரும். எங்கம்மா மூணு மாசத்துல போயிட்டாங்க. கடைசி வரைக்கும் ஒரே பொலம்பல், 'இட்லி பஞ்சு மாதிரி இருக்குன்னு நான் சொல்லியிருந்தா நீ எழுதியிருக்க மாட்டியே'ன்னு."

வைஜெயந்தி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் பழகிடுச்சு. ஐஸ் பாக்டரிக்கு யாரும் பேரைத் தட்டிப் பார்த்து வேலை கொடுக்கிறதில்ல. இந்த வருஷம் என் பொண்ணு பத்தாவது. தமிழ்ல உங்க பாடம். ஐந்து மதிப்பெண் வினா சார்: 'கொழுத்தவள் என ஆசிரியர் யாரைச் சுட்டுகிறார்? அவளது குணக்கேட்டை விளக்குக.'"

மெஷின் நின்றிருந்தது. ஓடினால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"அவளுக்குத் தெரியுமா, அது..." என்றாள் வைஜெயந்தி.

"தெரியும். நல்லா எழுதியிருக்கா. அஞ்சுக்கு அஞ்சு." பிரிசில்லா ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்குத்தான் விண்ணப்பம் போட்டேன்."

"அப்புறம் ஏன் இன்னும் அழுத்தலை? முப்பது நாளா?" என்றாள் வைஜெயந்தி.

அந்தக் கேள்வியை அவர்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துல எங்கம்மா இருக்காங்க அக்கா. அந்தப் போன் அதே வாரம் தண்ணி பூந்து செத்துப்போச்சு. வீட்டுல இருந்த மத்த போட்டோ எல்லாம் வெள்ளத்துல போச்சு. உலகத்துல எங்கம்மா முகம் இருக்கிறது அந்தப் பதிவுல மட்டும்தான். அழுத்தினா அதுவும் போயிடும்."

"அச்செடுத்து வச்சிருக்கலாமே?"

"வச்சேன். இப்ப வர்ற தாளுக்கும் அந்த மச்சம் தெரியுமாம். வேரறுத்தா வெளுத்துடும்னு ஸ்டுடியோக்காரரே சொன்னார். தினம் கட்டைவிரலைக் கொண்டுபோறேன், எடுத்துடுறேன். பொண்ணைப் பார்த்தா அழுத்தணும்னு இருக்கு. அம்மாவைப் பார்த்தா முடியலை."

அனல்வேந்தனுக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. இரக்கத்தின் விளக்கு என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது கணக்குப் பார்க்கிறவனுடைய விளக்கு. இவள் அழுத்த மாட்டாள்! தள்ளிவிடாமல் இருந்தாலே போதும்!

"பாடத்தை நீக்கும்படி நான் பரிந்துரைக்கிறேன்," என்றார். அவர் குரலே அவருக்கு உருக்கமாகக் கேட்டது. "கல்வித்துறையில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்."

"உங்க பாடத்தை நீங்களே எடுக்கச் சொல்வீங்களா?"

"அதாவது... அந்த வினாவை."

பிரிசில்லா அவரை நெடுநேரம் பார்த்தாள். சந்தையில் மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. பிறகு பெருமூச்சு விட்டாள்.

"சரி சார். பொண்ணு மார்ச்சுல பரீட்சை எழுதிட்டு அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போயிடுவா. எங்கம்மா போனா வரமாட்டாங்க. இருக்கட்டும். ஆறு மணி ஆனா அதுவா காலாவதி ஆயிடும். நீங்க கிளம்பலாம்." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, கிளம்ப வேண்டாம். நான் தனியா இருந்தா மறுபடி கை போகும். ரெண்டு பேரும் இங்கேயே உக்காருங்க. ஆனா ஒரு உதவி. ஆறு வரைக்கும் நீங்க எதுவும் பேசாதீங்க சார். உங்க குரலைக் கேட்டா எனக்கு என்னமோ பண்ணுது."

போனை மேஜை மேல் வைத்தாள். திரையில் ஒரே ஒரு வட்டம். 'உறுதிசெய்' என்று எழுதியிருந்தது.

நடுநடுவே எட்டிப் பார்த்த படகுக்காரர்களுக்கு ஐஸ் கணக்கு எழுதியதிலேயே நேரம் ஓடியிருந்தது. இருபது நிமிடம் பாக்கி.

முதல் சில நிமிடங்களை அவர் சமாளித்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். வைஜெயந்தி அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள், பால் பொங்கப்போகிறதா என்று பார்க்கிற மாதிரி. ஒரு லாரி வந்து போனது. படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் பெட்டிகளை இழுத்துப்போனார்கள். ஜெயித்துவிட்டோம் என்கிற எண்ணம் அவருக்குள் மெல்ல ஊறி, நெஞ்சு நிறைந்து, தொண்டைக்கு வந்தது. அங்கே நின்றது. அங்கே எதுவும் நின்று அவருக்குப் பழக்கமில்லை.

பத்து நிமிடம். அவர் கனைத்தார். வைஜெயந்தி தலையை அசைத்தாள். அவர் அடக்கிக்கொண்டார்.

ஐந்து நிமிடம். பிரிசில்லாவின் முகம் தெளிந்திருந்தது. முப்பது நாளாகத் தூக்கிய சுமையை இறக்கிவைத்த தெளிவு. அவள் போனைப் பார்க்கவேயில்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பெரிய நிகழ்வு. ஒரு பெண் பதினாறு வருஷப் பகையை விட்டுக்கொடுக்கிறாள். இதற்கு ஒரு நன்றியுரைகூட இல்லாமல் எப்படி முடியும்? வார்டுக் கூட்டத்தில்கூட, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் யாரும் கலைவதில்லை. அவருடைய தொழிலில் நன்றியுரை இல்லாத கூட்டம் கொள்ளி வைக்காத பிணம். அவர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"என்னங்க!" என்றாள் வைஜெயந்தி.

"இறுதியாக ஒன்றே ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்," என்றார் அனல்வேந்தன். "சகோதரி, உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்."

அங்கே நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். பிரிசில்லா கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் முதல் வாக்கியம் வெளியே வந்துவிட்டால் அடுத்தது அவருடைய கையில் இல்லை.

"ஒரு தாயின் முகத்துக்காக ஒரு மகள் விட்டுக்கொடுக்கிறாள்! இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். நிவாரணத்தைக் கேலி செய்த அன்றைய இளம்பெண் எங்கே? மன்னிக்கத் தெரிந்த இன்றைய தாய் எங்கே?" வைஜெயந்தி சால்வை முனையைப் பிடித்து இழுத்தாள். மேடையில் சால்வை இழுபடுவது அவருக்குப் புதிதல்ல. "நடுவிலே நின்றது எது? ஒரு சொல்! அன்று நான் வீசிய ஒரே ஒரு சொல் உளியாகி, கல்லாய்க் கிடந்த மனத்தைச் செதுக்கி, இன்று உங்களை இந்த உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்த வகையில் இந்த மன்னிப்பும் என் வரியின் வழித்தோன்றல்தான் என்று..."

பிரிசில்லா கையை நீட்டிக் கட்டைவிரலை வட்டத்தின் மேல் வைத்தாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. இடி இடிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவருடைய மேடைகளில் இம்மாதிரி இடங்களில் பின்னணி இசை போடுவார்கள். திரையில் வட்டம் சுருங்கி, புள்ளியாகி, போய்விட்டது. 'நன்றி. மீண்டும் வருக' என்று காட்டியது முச்சந்தி.

அவர் தன் போனைப் பிடுங்கிப் பார்த்தார். மேலேயிருந்து கீழே தள்ளினார். பூ. காலை வணக்கம். பூ. பூ. மிக்ஸி. பூ. தன் நூல்களைத் திறந்தார். 'இட்லியும் அறமும்' என்ற அட்டைக்குக் கீழே முன்னூறு வெள்ளைப் பக்கங்கள். அணிந்துரை மட்டும் இருந்தது. அணிந்துரை எழுதியவர் நூலைப் படிக்காமல் எழுதியிருந்ததால் அதில் மச்சம் ஒட்டவில்லை போலும்.

"ஐயோ," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேஜை இழுப்பறையிலிருந்து பிரிசில்லா ஒரு தாளை எடுத்தாள். அந்த ஸ்டுடியோ அச்சு. இரண்டு பக்கமும் வெள்ளை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. தாளை மடிக்கத் தொடங்கி, மடித்துவைக்க அதில் எதுவும் இல்லை என்பது போல மேஜையில் போட்டாள்.

அவருடைய போன் அடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பதிவாளரின் உதவியாளர்.

"ஐயா வணக்கம். உங்க பாராட்டுப் பத்திரம் திடீர்னு வெறுமையா ஆயிடுச்சு. சிஸ்டம் கோளாறுதான், பயப்படாதீங்க. நீங்க செஞ்சதைச் சுருக்கமா ரெண்டு வரி சொன்னீங்கன்னா மறுபடி ஏத்திடலாம். இட்லி மட்டும் வேண்டாங்கய்யா, அதை மெஷின் துப்புது. மத்தது ஏதாச்சும்."

"மற்றது..." என்றார் அனல்வேந்தன்.

"ரெண்டே வரிங்கய்யா. லைன்லயே இருக்கேன்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் வைஜெயந்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிரிசில்லா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷம், யாராவது கண்டுபிடிச்சுக் கேட்டா ஒத்துக்கலாம்னு இருந்தேன். இப்ப எல்லாம் அழிஞ்சுபோச்சு. இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நானா சொன்னாத்தான் உண்டு."

பிரிசில்லா நிமிர்ந்தாள்.

"இவர் பார்த்தது முழுப் படம் இல்ல. வெட்டினது. வெட்டினவ நான்."

அனல்வேந்தன் காதிலிருந்து போனை எடுத்தார். படத்தை அனுப்பியது அவள் என்று அவருக்குத் தெரியும். மேடையில் மட்டும் 'என் கண்ணில் பட்டது' என்று சொல்லிவந்தார். அது வெட்டிய படம் என்பது தெரியாது.

"அப்ப இவரை எனக்குத் தெரியாது. டைல்ஸ் கடைக்காரர் ஒருத்தர் சூடா எழுதுவார்னு படிச்சிட்டிருந்தேன். ஒரு தோழி உங்க பதிவை எனக்கு அனுப்பினா. எனக்கு என்ன பொறாமையோ, என்ன எரிச்சலோ. அம்மாவை வெட்டி, கடைசி மூணு வரியை வெட்டி, 'பாருங்க சார் இவ திமிரை'ன்னு இவருக்கு அனுப்பினேன். நாங்க பேசினதே அதுலதான் ஆரம்பம். கல்யாணமெல்லாம் அப்புறம்."

மெஷின் ஓடத் தொடங்கியது. ஓடி நின்றது.

"அம்மாவை எதுக்கு வெட்டினீங்க?" என்றாள் பிரிசில்லா.

"அவங்க சிரிச்சிட்டிருந்தாங்க. அந்தச் சிரிப்பு இருந்தா யாருக்கும் கோபம் வராது. அதான்."

பிரிசில்லா எழுந்தாள். வெளியே போகச் சொல்லப்போகிறாள் என்று அனல்வேந்தன் நினைத்தார். அவள் மேஜையைச் சுற்றி வந்து, ஜன்னலோரம் நின்று, திரும்பி வந்தாள்.

"மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சிடாதீங்க. எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்ல," என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கம்மாவை நீங்க பார்த்தீங்கல்ல? முழுசா பார்த்தீங்கல்ல?"

"வெட்டறதுக்கு முன்னாடி நல்லா பார்த்தேன்."

"எப்படி இருந்தாங்க? இனிமே என் ஞாபகத்துல மட்டும் இருந்தா எனக்குப் பத்தாது."

"ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருந்தாங்க. கையில பாதி இட்லி. நீலப் போர்வை போத்தியிருந்தாங்க."

"பச்சை."

"நீலம்மா. ஓரத்துல கோடு போட்டது."

"கோடு சரி. போர்வை பச்சை. முகாம்ல எனக்கும் அதேதான் கொடுத்தாங்க."

"உங்களுக்குப் பச்சை கொடுத்திருக்கலாம். அவங்களுது நீலம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அனல்வேந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் படம் அவர் முகத்துக்கு நேராக நீட்டப்பட்டது. பச்சையா, நீலமா? எவ்வளவு யோசித்தும் நாலு ஐம்பது என்பதுதான் நினைவுக்கு வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள்.

"ஐயா, ரெண்டு வரி..." என்றது போன். அவர் அதை அணைத்துப் பைக்குள் போட்டார். நடுவில் சத்தம் வந்தால் அடுத்தது கேட்காமல் போய்விடும் போலிருந்தது.

"சரி, நீலமோ பச்சையோ, காதுல என்ன போட்டிருந்தாங்க?" என்றாள் பிரிசில்லா.

"இருங்க, யோசிக்கிறேன்," என்றாள் வைஜெயந்தி. பிரிசில்லா நாற்காலியை இழுத்து, அவள் முழங்காலை இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள்.